குதிகாலுக்குத் தெரிந்த கிணறு

“சத்தமே இல்லாத படம். அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னாடி எங்கேயோ யாரோ வரைஞ்ச மாதிரி. உங்க ஊர்ல யாரும்மா இதுக்குச் சிரிக்கப் போறாங்க?”

கல்லூரி இறுதியாண்டில், நான் எடுக்கப்போகும் படத்துக்கான படிவத்தை நீட்டியபோது எங்கள் அனிமேஷன் துறைப் பேராசிரியை இப்படிக் கேட்டார். அவர் குரலில் கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் எனக்கு எளிது, பதிலுக்கு நானும் ஒன்று சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே சந்தேகப்பட்டார். படிவத்தில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: கையால் வரைந்த, கறுப்பு வெள்ளை, ஒலியில்லாத நகைச்சுவைப் படம். ஒரு ஆள், ஒரு ஆடு, ஒரு கிணறு.

“சிரிப்பாங்க மேடம்” என்றேன்.

“யாரு?”

“எங்க ஊர்ல யார் வேணாலும்.”

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். “சரி. ஒரு நிமிஷத்துக்குள்ள ஓடற மாதிரி கொஞ்சம் வரைஞ்சு, உங்க ஊர்ல பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டு. அவங்க சிரிக்கிறதை வீடியோ எடுத்துட்டு வா. படம் முடிஞ்சதும் உனக்காக மரியாதைக்குச் சிரிக்கிறது செல்லாது. சிரிக்கலைன்னா நீ அந்த கிரகப் படத்துல சேர்ந்துக்கணும். ஒரு மாசம் டைம்.”

கிரகப் படம் என்பது என் வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து கணினியில் செய்துகொண்டிருந்த விண்வெளிக் கதை. அதில் ஒரு கிரகம் வெடிக்கும். வெடித்துச் சிதறும் பாறைகளுக்கு நிறம் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மூன்று வருடம் படித்துவிட்டு, இன்னொருவர் கதையில் பாறைக்குப் பழுப்பு அடிப்பதா, என் ஆட்டையும் கிணற்றையும் நானே வரைவதா? என் முன்னால் இருந்த கேள்வி இதுதான். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றேன்.

என்னிடம் அந்தத் துணிச்சல் எப்போதும் உண்டு. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் கல்வித் தகுதி என்ற இடத்தில் நான் இரண்டு கோடுகள் போட்டேன். அம்மாவுக்கு ஒன்று, நைனாவுக்கு ஒன்று. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் மாணவியாகப் போன முதல் ஆள் நான். கே.ஜி.கண்டிகைப் பக்கம் வயல் வேலை செய்து, என்னைச் சென்னைக்கு ரயிலேற்றிப் படிக்கவைத்தார்கள். அந்த இரண்டு கோடுகளை எழுதும்போது எனக்கு வெட்கம் வரவில்லை. கோட்டுக்குக் கீழே என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

அந்தப் பழைய படங்களை நான் முதலில் பார்த்தது இரண்டாம் ஆண்டில், சினிமா வரலாற்று வகுப்பில். திரையில் பேச்சு வருவதற்கு முந்தைய காலத்தில், காகிதத்தில் ஒவ்வொன்றாக வரைந்து ஓடவிட்ட கார்ட்டூன்கள். கோடுகள் நடுங்கும். தூசி பறக்கும். ஆட்களின் கையும் காலும் ரப்பர் குழாய் மாதிரி வளையும், எலும்பு என்ற ஒன்றே இருக்காது. வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். ஒரு படத்தில் ஓர் ஆள் ஏணியில் ஏறினான். ஏணி முடிந்துவிட்டது, அவன் ஏறுவது முடியவில்லை. வெறும் காற்றில் இன்னும் நாலு படி ஏறினான். பிறகு சந்தேகம் வந்து கீழே பார்த்தான். பார்த்த பிறகுதான் விழுந்தான். விழுந்து அப்பளமாகத் தரையில் ஒட்டிக்கொண்டான். அப்புறம் தன் ஒரு ஓரத்தைத் தானே பிடித்துத் தூக்கி, பாயை உதறுவதுபோல் உதறிக்கொண்டு நடந்து போனான்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அறையில் நான் மட்டும். திரும்பிப் பார்த்தவர்களைப் பார்த்து இன்னும் சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடிப் பார்த்தேன். எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சில படங்களில் கறுப்பின மக்களை வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் கோபம்தான் வரும், அவற்றைப் பாதியில் மூடிவிடுவேன். ஆனால் நல்லவற்றில் ஒரு பெரிய வசதி இருந்தது. அவற்றைப் பார்க்க எந்த மொழியும் வேண்டாம். எங்கள் வீட்டில் தமிழ் ஓடும், கோபம் வந்தால் தெலுங்கு ஓடும், தொலைக்காட்சியில் வேறு ஏதாவது ஓடும். அம்மா அதைப் பார்க்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “இன்னா சொல்றான் அவன்?” என்று என்னைக் கேட்பாள். ஏணியில் ஏறியவன் எதுவுமே சொல்லவில்லை. அம்மா என்னைக் கேட்கவேண்டிய அவசியமே வராத ஒரு படத்தை எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

தினமும் திருத்தணியிலிருந்து விடியற்காலை மின்சார ரயில். ஆட்டத்தில் பென்சில் நிற்காது. அதனால் பெட்டியில் வரைய மாட்டேன், ஆட்களைப் பார்ப்பேன். ஒருநாள் மணவூரில் வண்டி கிளம்பிய பிறகு ஒருவர் ஓடிவந்து ஏறினார். கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறு காலை இழுத்து உள்ளே வந்து, எங்கள் எல்லோரையும் வெற்றியோடு பார்த்தார். முகத்தைத் துடைத்தார். சட்டையைச் சரி செய்தார். அப்புறம்தான் மனைவியை நடைமேடையிலேயே விட்டுவிட்டு வந்தது அவருக்குத் தெரிந்தது. நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். எது சிரிப்பு என்று தெரிந்தது, ஏன் என்று அப்போது தெரியவில்லை.

வீட்டில் என் வேலை மேசை இப்படி: பழைய போட்டோ சட்டத்திலிருந்து எடுத்த கண்ணாடி, அதற்கு இரண்டு பக்கமும் செங்கல், அடியில் ஓர் எல்.இ.டி. விளக்கு. ஒவ்வொரு தாளிலும் மேலே இரண்டு துளை. கண்ணாடிக்கு மேல் ஒட்டிய இரண்டு குச்சிகளில் தாளை மாட்டிவிட்டால் அசையாது. கீழே இருக்கும் படம் விளக்கு வெளிச்சத்தில் தெரியும், அதற்கு மேல் தாளை வைத்து கொஞ்சம் நகர்த்தி வரைய வேண்டும். ஒரு நொடிக்கு எட்டுப் படம். எல்லாம் முடிந்ததும் போனில் ஒவ்வொன்றாகப் படமெடுத்து லேப்டாப்பில் ஓடவிட வேண்டும். பள்ளியில் கொடுத்த அந்த லேப்டாப் சார்ஜ் ஏற்றினால் பத்து நிமிடம் தாங்கும். எனக்கு அது போதும்.

கதை எளிது. ஒல்லியான ஓர் ஆள், தலையில் பெரிய தலைப்பாகை. ஒரு முரட்டு ஆட்டைக் கயிற்றால் இழுக்கிறான். ஆடு வராது. அதனால் அவன் ஆட்டைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து நடந்து இழுக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு கிணறு. நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. போகிறான், போகிறான், விழுகிறான். நாற்பது நொடி. முந்நூற்றுக்கும் மேற்பட்ட தாள். கிணற்றுக்குள்ளிருந்து தெறிக்கும் தண்ணீரை மட்டும் நான்கு தடவை அழித்து வரைந்தேன். ரொம்ப அழகாக வந்திருந்தது.

யாருக்குக் காட்டுவது என்று நான் குழம்பவில்லை. பொங்கல் முடிந்து நடவு வேலை நடந்துகொண்டிருந்தது. அத்தை, அதாவது நைனாவின் அக்காதான் எங்கள் பக்கத்தில் நடவுக்கு ஆள் சேர்ப்பவள். அம்மாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். பகல் சோற்றுக்கு எல்லோரும் மோட்டார் கொட்டகையில் உட்காருவார்கள். உள்ளே இருட்டாக இருக்கும், லேப்டாப் திரை நன்றாகத் தெரியும்.

நான் போனபோது மும்முனை மின்சாரம் வந்திருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிமென்ட் அறைக்குள் பக்கத்தில் இருப்பவர் காதில் கத்தினால்தான் கேட்கும்.

“நிறுத்தட்டுமாடி?” என்று அம்மா கத்தினாள்.

“வேணாம்மா. இது பேசாத படம்தான்.”

“பேசாத படமா? அப்ப எதுக்கு அத்தினி நாளு படிச்சே?” என்றாள் அத்தை, கையில் களி உருண்டையோடு. எல்லோரும் சிரித்தார்கள். போனை ஸ்டார்ட்டர் பெட்டிமேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டேன். படத்தையும் ஓடவிட்டேன்.

ஆடு வந்ததும் முகங்கள் மலர்ந்தன. அது காலை ஊன்றிக்கொண்டு அடம்பிடித்தபோது ஒருத்தி இன்னொருத்தியை இடித்துக் காட்டினாள். நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். ஆள் பின்னால் நடந்தான். கிணறு நெருங்கியது. விழுந்தான். நான் நான்கு தடவை வரைந்த தண்ணீர் தெறித்தது.

யாரும் சிரிக்கவில்லை.

ஒருத்தி “த்ச்” என்றாள். இன்னொருத்தி களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தாள். மரியாதைக்குக்கூடச் சிரிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

“அவன் ஏன் வுழுந்தான்?” என்று அத்தை கேட்டாள்.

“பின்னாடி கிணறு இருக்குதில்ல அத்தை. அவன் பாக்கல.”

“பாக்காட்டி இன்னா? கால் இல்லியா அவனுக்கு?”

“கால்ல எப்டித் தெரியும்?”

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். படத்துக்கு வராத சிரிப்பு அப்போது வந்தது. மோட்டார் சத்தத்தையும் மீறி வந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் முதுகில் தட்டினாள். “உம் பொண்ணு கேக்கறத பாத்தியா? கால்ல எப்டித் தெரியுமாம்! ஏம்மா, காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் நாங்க எந்தப் பக்கமா நடந்துகினு கீறோம்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்று நடுகிறவர்கள் முன்னால் போக மாட்டார்கள். குனிந்து, நட்டு, ஒரு காலைப் பின்னால் வைத்து, மறுபடி நட்டு, நாள் முழுக்கப் பின்பக்கமாகவே நடப்பார்கள். திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வரப்பு வந்தால் நின்றுவிடுவார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. வரப்பில் உட்கார்ந்து பாடம் படித்தபடி பார்த்த காட்சி. ஆனால் ஒரு நாளும் நான் சேற்றில் இறங்கியதில்லை. அம்மா இறங்க விட்டதில்லை. பன்னிரண்டு பேரின் குதிகாலுக்கும் தெரிந்த விஷயம், முந்நூறு படம் வரைந்த எனக்குத் தெரியவில்லை. பின்னால் நடந்து கிணற்றில் விழுகிறவன் அவர்களுக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. அவன் பொய்யாகத் தெரிந்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, அந்த ஒல்லி ஆள்மேல். பாறைக்குப் பழுப்பு அடிக்கும் வேலை ஒரு நிமிடம் கண்முன் வந்து போனது. கையிலிருந்த ஒரு மாதத்தில் பத்து நாள் மிச்சம்.

மறுநாள் காலை சுடிதாரை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். அம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

“ஏறுடி மேல! சேத்துல கால வெக்கிறதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?”

“படிப்புக்குத்தாம்மா எறங்குறேன்.”

“இன்னா படிப்பு இது? உங்க மேடம் சேத்துல எறங்கச் சொன்னாங்களா?”

“வுடு அண்ணி” என்றாள் வரிசையில் இருந்த ஒருத்தி. “ஒரு நாளைக்கு எறங்கட்டும். நாளைக்கு இடுப்பு புடிச்சிக்கினா தானா ஓடிடும்.”

அம்மா தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள். ஒரு கட்டு நாற்றை என் இடது கையில் திணித்தாள்.

சேறு நான் நினைத்ததைவிடக் குளிர்ச்சி. காலை உள்ளே இழுத்துக்கொண்டு, எடுக்கும்போது ஒரு சத்தம் போட்டது. முதல் பத்து நிமிடம் நான் நட்டதெல்லாம் சாய்ந்து நின்றது. “கோடு கோணலா போவுது பாரு. லேப்டாப்புல போடற கோடுன்னு நெனச்சிகினியா?” என்று அத்தை வரிசையின் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தாள். “அத்தை, நீ உன் கோட்டப் பாரு” என்றேன். “எங் கோட்ட நான் பாக்கறதே இல்லடி, அதுதான் வெசயம்!” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. பின்னால் வைக்கும் கால் முதலில் விரலால் இறங்காது. குதிகால் கொஞ்சம் தேடும். சேறு எங்கும் ஒரே மாதிரி இல்லை. ஓர் இடம் குழைவு, ஓர் இடம் கெட்டி. என் குதிகாலும் தேட ஆரம்பித்தது. வயலின் முடிவு நெருங்கியபோது, நான் திரும்பிப் பார்க்காமலே, குதிகாலுக்கு அடியில் சேறு கெட்டியானது. அதற்குப் பின்னால் ஒரு சுவர் மாதிரித் தட்டுப்பட்டது. வரப்பு.

நின்றேன். நிமிர்ந்தேன். கையிலிருந்த நாற்றைத் தூக்கிக் காட்டினேன்.

“பாத்தியா அத்தை! வரப்பு வந்திச்சி, நான் பாக்காமலே நின்னுட்டேன்!”

சொல்லிக்கொண்டே கம்பீரமாகத் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, வரப்புமேல் காலை வைத்தேன். ஈர வரப்பு. கால் எங்கோ போனது. அடுத்த வயலின் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். இடுப்பு வரை சேறு. நாற்றுக் கட்டு மட்டும் என் தலைக்கு மேல், தூக்கிய கையில், ஒரு சொட்டு சேறு படாமல் இருந்தது. யாராவது பார்த்தார்களா என்று மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன்.

பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்த பிறகுதான் சிரித்தார்கள். நடுவில் ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். அத்தை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நின்னுட்டேன்னா! நின்னுட்டேன்னாளே!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சேற்றில் இறங்காதே என்று காலையில் கத்திய அம்மாதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை.

சேற்றில் உட்கார்ந்தபடியே எனக்கு மணவூரில் ஏறியவரின் முகம் நினைவுக்கு வந்தது. முகத்தைத் துடைத்து, சட்டையைச் சரிசெய்து, வெற்றியோடு பார்த்த அந்த முகம். காற்றில் நாலு படி ஏறியவனும் அப்படித்தான். சிரிப்பு விழுவதில் இல்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கும் அந்த முகத்தில்தான் இருந்தது. அந்த முகம் அன்றைக்கு என்னுடையது.

“எழுந்து வாடி” என்று அம்மா கை நீட்டினாள்.

“இரும்மா” என்றேன். “எண்ணிகினு கீறேன்.”

நிஜமாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பியது நான்கு படம், காலை வைத்தது இரண்டு, விழுந்தது மூன்று, ஒன்றுமே நடக்காத அந்த ஒரு மூச்சுக்கு எட்டு.

அடுத்த எட்டு நாளில் படத்தின் பின்பாதியை மறுபடி வரைந்தேன். நான்கு தடவை அழித்து வரைந்த அழகான தண்ணீரைத் தூக்கிப் போட்டேன். புதிய பின்பாதி இது: ஆள் ஆட்டை இழுத்தபடி பின்னால் நடக்கிறான். கிணறு நெருங்குகிறது. விளிம்பில் அவன் குதிகால் தட்டுகிறது. நிற்கிறான். குதிகாலால் இன்னொரு முறை தட்டிப் பார்க்கிறான். முகம் மலர்கிறது. கயிற்றை விடுகிறான். கையைத் தட்டிக்கொள்கிறான், தலைப்பாகையைச் சரிசெய்கிறான், ஆட்டைப் பார்த்து மார்பில் கைவைத்துக்கொள்கிறான். பிறகு கம்பீரமாகத் திரும்பி, முன்பக்கமாக ஓர் அடி எடுத்து வைக்கிறான். கிணற்றுக்குள் போய்விடுகிறான். ஒரு மூச்சு, எதுவும் நடக்கவில்லை. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வருகிறது. அதில் தலைப்பாகை, ஒரு சொட்டு நனையாமல். கடைசியில் ஆடு வருகிறது. கிணற்றருகே வந்து திரும்பி நின்று, பின்னங்கால் ஒன்றை நீட்டி, விளிம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போகிறது.

மறுபடி மோட்டார் கொட்டகை. மறுபடி மோட்டார் ஓடியது. “திரும்பவும் அந்தக் கெணத்துல வுழறவனா?” என்று அத்தை சலித்துக்கொண்டாள். குதிகால் விளிம்பில் தட்டியதும் நிமிர்ந்தாள். “ஆங்! தெரிஞ்சிகினான் பாரு!” என்று பக்கத்தில் இருந்தவள் தொடையில் அடித்தாள். அவன் தலைப்பாகையைச் சரிசெய்தபோது எல்லோரும் அவன் கட்சியாகிவிட்டார்கள். அவன் திரும்பினான். “ஏய், ஏய், அங்க போவாத…” என்று அம்மா எழுந்தேவிட்டாள்.

போய்விட்டான்.

ஒரு மூச்சு. கை மேலே வந்தது. அவ்வளவுதான். முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் மேல் சாய, அவள் அடுத்தவள் மேல் சாய, கடைசியில் இருந்தவளின் சோற்றுத் தூக்கு உருண்டது. ஆடு காலை நீட்டியபோது அத்தை என்னைப் பார்த்து “இது நீதான்டி! இல்ல, அவன் நீ! ஆடுதான் நாங்க!” என்று கத்தினாள். நான்கு முறை போடச் சொன்னார்கள். ஐந்தாம் முறை லேப்டாப் அணைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து போனில் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். போன் அவர்களுக்குப் பின்னால் ஸ்டார்ட்டர் பெட்டிமேல் இருந்ததால் முதுகுகள்தான் தெரிந்தன. ஒரு முகம்கூட இல்லை. திரும்பிய ஓரிருவரும் புடவைத் தலைப்பால் வாயை மூடியிருந்தார்கள். ஒலியில் மோட்டாரைத் தவிர ஒன்றுமே இல்லை. அத்தை கத்தியதுகூடக் கேட்கவில்லை. மறுபடி எடுக்க நாள் இல்லை. நடவும் அன்றோடு முடிந்துவிட்டது, அவர்கள் மறுநாள் பொதட்டூர்பேட்டைப் பக்கம் வேறு வயலுக்குப் போகிறார்கள். இருப்பதை எடுத்துக்கொண்டு போனேன்.

பேராசிரியை காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“ஏதோ மெஷின் சத்தம்தான்மா வருது. சிரிக்கிறது கேக்கவே இல்லையே?”

“சத்தத்தை நிறுத்திட்டுப் பாருங்க மேடம்.”

“நிறுத்திட்டா?”

“இது பேசாத படம்னு நெனச்சுப் பாருங்க. தோளைப் பாருங்க.”

அவர் ஹெட்போனைக் கழற்றினார். மறுபடி ஓடவிட்டார். பன்னிரண்டு முதுகுகள். குதிகால் விளிம்பில் தட்டும் இடத்தில் முதுகுகள் நிமிர்ந்தன. அவன் திரும்பும் இடத்தில் ஒரு முதுகு எழுந்து நின்றது. அது அம்மா. பிறகு ஒரு மூச்சு நேரம் எல்லாம் அசையாமல் இருந்தன. அப்புறம் தோள்கள் குலுங்கின. ஒன்று சாய்ந்து, அடுத்தது சாய்ந்து, வரிசை முழுக்கச் சாய்ந்து, கடைசியில் தூக்கு உருண்டு சட்டத்தை விட்டு வெளியே போனது. யாரும் எழுதிக்கொடுத்து நடிக்காத ஒரு பேசாத படம் அது.

பேராசிரியை அந்தத் தூக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். எங்கள் ஊர்ப் பெண்களைப் போலவே.

“எல்லாரும் சிரிக்கிறாங்க” என்றார். பிறகு விரலால் திரையைத் தொட்டு எண்ணினார். “பன்னிரண்டு.”

“ஆமாங்க மேடம். ரெண்டு பேர் கூடுதல்.”

என் படத்தையும் பார்த்தார். பார்த்து முடித்து, “அந்த ஆடு…” என்றபடியே படிவத்தை இழுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டார். நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அறை வாசலில் படி ஒன்று இருந்தது. கீழே பார்த்துத்தான் காலை வைத்தேன்.

மாதிரிப் படம் தேறியாயிற்று. இனி இரண்டு நிமிட முழுப்படம். ஆட்டையும் கிணற்றையும் நீட்டினாலே போதும் என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. கையெழுத்து கிடைத்த செய்தியைச் சொன்னபோது அத்தை சந்தோஷப்படவில்லை. சண்டைக்கு வந்தாள். “வுழறதுக்கு ஒரு ஆம்பளய வரஞ்ச, சரி. பொம்பள எப்ப வருவா? நாங்க வேல செய்யறத வரைய மாட்டியா?”

அதனால் வரைய ஒரு பெண்ணைத் தேடி, தைக் கிருத்திகையன்று காலை நோட்டோடு திருத்தணி முருகன் மலைக்குப் போனேன். படிகளில் ஓரமாக உட்கார்ந்தேன். நேர்த்திக்கடனுக்காக ஒரு பெண் ஒவ்வொரு படியாக மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஏறினாள். நிமிரவே இல்லை. மஞ்சளுக்கு மூன்று விரல், குங்குமத்துக்கு ஒரு விரல், அடுத்த படி. அவள் கையைப் பார்த்து நொடிகளை எண்ணிக்கொண்டேன். அவளுக்கு ஐந்தாறு படி மேலே, புதிதாக மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசிய ஒருவர் படியில் நெற்றி படக் கும்பிட்டு அப்படியே கிடந்தார். சந்தனம் பூசிய மொட்டையும் மஞ்சள் பூசிய படியும் ஒரே நிறம். நல்லவேளை, அவள் அங்கே போவதற்குள் அவர் எழுந்துவிட்டார். என் படத்தில் அவர் எழ மாட்டார்.

வீட்டுக்கு வந்து பென்சிலில் கிறுக்கிக் காட்டினேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டே சிரித்தாள். அத்தை தாளைக் கண்ணருகில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“பொட்டு வெக்கிறது சரி” என்றாள். “கற்பூரத்த எப்ப கொளுத்துவா?”

“அதுக்கு முன்னாடி ஒரு மூச்சு அத்தை” என்றேன்.

இன்றோடு நாற்பத்தொரு தாள் முடிந்திருக்கிறது. நாற்பத்தொன்றாவதில் அவள் விரல் அவர் தலைக்கு ஒரு நூல் தூரத்தில் நிற்கிறது. நாற்பத்திரண்டாவது தாளில் துளையிட்டுக் குச்சியில் மாட்டிவிட்டேன்.